ஜூன் 19-உம் பத்து ஏக்கர் நிலமும்

அமெரிக்காவில் ஜூன் 19 அரசு விடுமுறை. 'ஜூன்டீன்த்' என்பார்கள். அங்கே வேலை பார்க்கும் மகனோ மகளோ "இன்னைக்கு லீவு" என்று போனில் சொல்லியிருக்கலாம். அடிமைமுறை ஒழிந்ததைக் கொண்டாடும் நாள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்தான். டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

அதிபர் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. பிறகு ஏன் ஜூன் 19? வடக்கு மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. தென் மாநிலங்களில் வடக்குப் படை போய்ச் சேர்ந்த இடத்தில்தான் பிரகடனம் செல்லுபடியானது. டெக்சாஸ் தொலைவில் இருந்தது. படை நெருங்க நெருங்க, மற்ற மாநிலப் பண்ணை முதலாளிகள் தங்கள் அடிமைகளை டெக்சாஸுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். போர் முடிந்தபோது அங்கே சுமார் 2,50,000 பேர் அடிமைகளாக இருந்தார்கள். 1865 ஜூன் 19 அன்று கால்வெஸ்டன் என்ற துறைமுக ஊரில், படையோடு வந்த ஜெனரல் கார்டன் கிரேஞ்சரின் பெயரில் பொது ஆணை எண் 3 வெளியானது. அடிமைகள் எல்லோரும் விடுதலை பெற்றவர்கள் என்றது அது.

செய்தி இரண்டரை ஆண்டு தாமதமாக வந்தது என்று எழுதுவது வழக்கம். அது பாதிக் கதைதான். காதோடு காதாகக் கேள்விப்பட்ட அடிமைகள் இருந்தார்கள். முதலாளிகளுக்கோ நன்றாகவே தெரியும். தட்டிக் கேட்க ஆளில்லாததால் வாயைத் திறக்கவில்லை. ஆணை வந்த பிறகும் அறுவடை முடியட்டும் என்று மறைத்தவர்கள் உண்டு. அந்த ஆணையிலேயே ஓர் அதட்டலும் இருந்தது: இருக்கும் இடத்திலேயே இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள், சும்மா இருந்தால் ஆதரவு கிடையாது.

அடுத்த ஆண்டே, 1866-இல், விடுதலை பெற்றவர்கள் அந்த நாளைக் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். கூடுவதற்கு இடம்தான் சிக்கல். வெள்ளையர் ஊரில் கறுப்பர்களுக்குப் பூங்கா ஏது? 1872-இல் ஹூஸ்டனில் ஜாக் யேட்ஸ் என்ற பாதிரியாரும் மற்றவர்களும் முன்நின்று, இரண்டு தேவாலயச் சபைகளின் துணையோடு பணம் திரட்டிப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். யேட்ஸ் தாமே அடிமையாக இருந்தவர். சில ஆண்டுகளுக்கு முன்புவரை சொத்துக் கணக்கில் எழுதப்பட்ட மனிதர்கள், தங்கள் பெயரில் பத்திரம் எழுதி வாங்கிய நிலம் அது. வீட்டுக்கோ விவசாயத்துக்கோ அல்ல, கொண்டாடுவதற்கென்றே வாங்கியது. இந்த வரலாற்றில் என்னை அதிகம் நெகிழவைப்பது இதுதான்.

கொண்டாட்டத்தில் ஜெபம் உண்டு, பாட்டு உண்டு, அந்த ஆணையை உரக்க வாசிப்பது உண்டு. மணிக்கணக்காகப் புகையில் வேகும் இறைச்சி, தர்பூசணி, சிவப்பு சோடா. சிவப்பு முக்கியம். சிந்திய ரத்தத்தின் நினைவு என்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் புளிச்சக்கீரை இனத்துச் செடி ஒன்றின் சிவந்த புல்லி இதழை ஊறவைத்துக் குடிக்கும் வழக்கத்தின் தொடர்ச்சி என்றும் சொல்வார்கள்.

டெக்சாஸ் இதை மாநில விடுமுறையாக்கியது 1980-இல். நாடு முழுமைக்குமான விடுமுறையானது 2021-இல்தான். அதற்காகத் தள்ளாத வயதிலும் ஊர் ஊராக நடந்தவர் ஓபல் லீ என்ற கறுப்பினப் பெண்மணி. 1939-இல், இதே ஜூன் 19 அன்று, வெள்ளையர் கும்பல் அவருடைய குடும்பத்தின் வீட்டை நாசமாக்கியது. அப்போது அவர் பன்னிரண்டு வயதுச் சிறுமி. தேசிய விடுமுறைச் சட்டத்தில் அப்போதைய அதிபர் பைடன் கையெழுத்திட்டபோது ஓபல் லீக்கு 94 வயது.

ஹூஸ்டனில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், எமான்சிபேஷன் பார்க்குக்கு ஒருமுறை அழைத்துப் போகச் சொல்லுங்கள். அந்தப் பத்து ஏக்கர்தான் அது.