மழையும் நெருப்பும் செதுக்கும் தீவு

1966 ஜனவரி 7, 8. இந்தியப் பெருங்கடலில் உருவான ‘டெனிஸ்’ புயல் ரியூனியன் தீவைக் கடந்தபோது, ஃபோக்-ஃபோக் என்ற மலைப்பகுதியில் 24 மணி நேரத்தில் கொட்டிய மழை 1,825 மி.மீ. சென்னையில் ஓராண்டு முழுக்கப் பெய்கிற சராசரி மழையைவிட இது அதிகம். 2007 பிப்ரவரியில் ‘காமெட்’ புயலின்போது இதே தீவின் கொமெர்சன் எரிமலைவாய்ப் பகுதியில் மூன்று நாட்களில் 3,930 மி.மீ. பதிவானது. இரண்டுமே உலக சாதனைகள்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கி.மீ. தொலைவில் இருக்கும் இந்த பிரெஞ்சுத் தீவின் பரப்பு 2,512 சதுர கி.மீ.தான். இத்தனை சின்ன இடத்தில் இவ்வளவு மழைக்குக் காரணம் அதன் உயரம். தீவின் நடுவே நிற்கும் பித்தோன் தெ நேஜ் சிகரம் 3,070 மீட்டர். இந்தியப் பெருங்கடல் தீவுகளிலேயே உயரமானது. கடலடியிலிருந்து அளந்தால் ஏறக்குறைய 7,000 மீட்டர். தென்கிழக்கிலிருந்து வீசும் ஈரமான வியாபாரக் காற்று இந்த மலைச்சுவரில் மோதி மேலேறுகிறது, குளிர்ந்து மழையாகிறது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வரும் புயல்கள் மழையை இன்னும் பெருக்குகின்றன.

மலையைத் தாண்டியதும் காட்சி மாறிவிடுகிறது. மேற்குக் கரை மழை மறைவுப் பகுதி. அங்கே காய்ந்த புல்வெளிகளும் பவளப்பாறைகளும்தான். கிழக்கில் மிதமிஞ்சி ஓடும் நீரை, மலைகளைக் குடைந்த சுரங்கங்கள் வழியாக மேற்கே திருப்பியிருக்கிறார்கள். கடலோரம் வியர்த்துக் கொட்டும். மேட்டுச் சமவெளிகளில் ஜூலை மாத விடியலில் உறைபனி படிந்திருக்கும்.

மழை செழித்த கரையோரச் சரிவுகளில் கரும்பு விளைகிறது. 1848-ல் அடிமைமுறை ஒழிந்த பிறகு, புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட தமிழர்கள் பாடுபட்ட மண் இது. அவர்களின் சந்ததியினரை அங்கே ‘மல்பார்’ என்கிறார்கள்.

தீவுக்கும் இந்தியாவுக்கும் இதைவிடப் பழைய உறவு பாறையில் இருக்கிறது. பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் வெப்பப்புள்ளி ஒன்று ரியூனியனுக்குக் கீழே உள்ளது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு அதன்மேல் நகர்ந்தபோது பீறிட்ட குழம்புதான் தக்காணப் பீடபூமியின் கரும்பாறைப் படுகைகளானது என்பது அறிவியலாளர்கள் பெரும்பாலோரின் கருத்து. நிலத்தட்டுகள் அந்தப் புள்ளியின்மேல் நகர நகர, லட்சத்தீவுகளுக்கும் மாலத்தீவுகளுக்கும் அடித்தளமான எரிமலைகளும், பிறகு மொரிஷியஸும், கடைசியாக ரியூனியனும் பிறந்தன.

அந்த நெருப்பு இன்னும் அணையவில்லை. தீவின் தென்கிழக்கில் உள்ள பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. இதன் குழம்பு பெரும்பாலும் கிராண் ப்ரூலே என்ற ஆளில்லாச் சரிவு வழியே கடலை நோக்கி இறங்கும். அங்கே நெடுஞ்சாலையோரம் ஒவ்வொரு குழம்பு ஓட்டத்துக்கும் அது வந்த ஆண்டைக் குறித்துப் பலகை நட்டிருக்கிறார்கள். புதிய ஓட்டம் கன்னங்கரேலென்று கிடக்கும். சில ஆண்டுகள் பழையதன்மேல் சாம்பல் நிறப் பாசிக்காளான் பூத்திருக்கும். இடுக்குகளில் பெரணி தலைகாட்டும். இன்னும் பழையதில் மரங்களே நிற்கும். 2007 ஏப்ரலில் இந்தச் சாலையைப் புதைத்த குழம்பு மிகத் தடிமனானது. பல மாதங்கள் கழித்தும் மழை பெய்தால் அதிலிருந்து ஆவி கிளம்பியது. அதே வெடிப்பில் எரிமலையின் உச்சிப் பள்ளம் 300 மீட்டருக்கு மேல் உள்ளே சரிந்தது.

பித்தோன் தெ நேஜோ பல்லாயிரம் ஆண்டுகளாக அடங்கிக் கிடக்கிறது. அதன் உடல் சரிந்தும், மழையால் அரிக்கப்பட்டும் சலாசி, சிலாவோஸ், மஃபாத் என்ற மூன்று பெரும் பள்ளங்கள் உண்டாகியிருக்கின்றன. செங்குத்துச் சுவர்கள் சூழ்ந்த மஃபாத்துக்கு இன்றும் சாலை கிடையாது. அங்குள்ள சில நூறு பேருக்கு அரிசியும் மருந்தும் ஹெலிகாப்டரில்தான் வருகின்றன. இந்தச் சிகரங்களையும் பள்ளங்களையும் 2010-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

எரிமலை ஓய்ந்தால் இந்தத் தீவு என்னவாகும் என்பதற்கு, பக்கத்திலேயே சான்று இருக்கிறது. அதே வெப்பப்புள்ளியில் பிறந்து, பல லட்சம் ஆண்டுகள் மழையிலும் கடலிலும் தேய்ந்த மொரிஷியஸில் மிக உயரமான சிகரமே 828 மீட்டர்தான்.