கிராபிக்ஸ் அட்டைப் போட்டி



"மாமா, கிராபிக்ஸ் அட்டை வாங்கப் போகிறேன், எந்தக் கம்பெனியுடையதை வாங்கலாம்?" என்று கல்லூரியில் படிக்கும் என் தமக்கை மகன் ஒரு நாள் என்னைக் கேட்டான். ஓராண்டாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அவன் கையில் இருந்தது. அவன் கேட்டது ஒரு வரிக் கேள்வி. நான் சொல்ல நேர்ந்ததோ முப்பதாண்டுக் கதை. அதையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இந்த அட்டை செய்யும் வேலை என்ன என்று பார்ப்போம். கணிப்பொறித் திரையில் நாம் காணும் படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. இன்று பரவலாக வழங்கும் திரை ஒன்றில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உண்டு. பெருக்கிப் பார்த்தால் 20,73,600. விளையாட்டில் ஓடும் குதிரை தடங்கலின்றி ஓடுவதாகக் கண்ணுக்குத் தோன்ற வேண்டுமானால், இத்தனை புள்ளிகளுக்கும் நொடிக்கு அறுபது முறை புதிதாக நிறம் கணக்கிட வேண்டும். நொடிக்குப் பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட நிறங்கள்! ஒளி எங்கிருந்து விழுகிறது, எது எதனை மறைக்கிறது என்ற கணக்குகளெல்லாம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கின்றன. கணிப்பொறியின் மூளையாகிய பிராசஸர் கைதேர்ந்த உழவர் ஒருவரைப் போன்றது. அவர் எந்த வேலையையும் செய்வார். ஆனால் பத்து ஏக்கரிலும் தாம் ஒருவரே நாற்று நட்டுவிட முடியாது. கிராபிக்ஸ் சில்லு, வரிசையாக வயலில் இறங்கும் நடவாட்களின் கூட்டம். ஒவ்வொருவர் செய்வதும் சிறு வேலைதான். ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் செய்வதால் வேலை முடிந்துவிடுகிறது.

இத்தகைய சில்லுகளைச் செய்வதற்கு 1990-களின் நடுவில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பல கம்பெனிகள் முனைந்தன. அவற்றுள் கலிபோர்னியாவில் 1994-ஆம் ஆண்டில் தோன்றிய த்ரீடிஎஃப்எக்ஸ், 1996-இல் 'வூடூ' என்ற சில்லைக் கொண்டுவந்து எல்லோரையும் வியக்க வைத்தது. மறு ஆண்டு 'குவேக்' என்ற விளையாட்டை அந்த அட்டையின் துணையோடு பார்த்தவர்களுக்குப் பழைய காட்சிக்குத் திரும்ப மனம் வரவில்லை. அந்தக் கம்பெனி 'கிளைடு' என்ற தனி மொழி ஒன்றையும் விளையாட்டு எழுதுவோருக்கு வழங்கிற்று. எழுதுவதற்கு எளிது, வேகமும் மிகுதி. ஆனால் அம்மொழி வூடூ அட்டைக்கு மட்டுமே புரியும். வாங்கியவர்கள் அப்போது அதனை ஒரு குறையாக எண்ணவில்லை.

அதே காலத்தில் ஜென்சன் ஹுவாங்கும் நண்பர் இருவரும் 1993-இல் தொடங்கிய என்விடியா தடுமாறிக்கொண்டிருந்தது. 1995-இல் அது வெளியிட்ட முதற் சில்லு வளைந்த பரப்புகளைக் கொண்டு உருவங்களை அமைத்தது. மைக்ரோசாஃப்ட் ஏற்படுத்திய பொது முறையோ முக்கோணங்களை அடிப்படையாகக் கொண்டது. என்விடியா தன் பிடிவாதத்தை விட்டது. 1997-இல் முக்கோண முறைக்கே ஏற்ற சில்லைச் செய்து பிழைத்துக்கொண்டது. பிறகு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கொரு புதிய சில்லு என்ற வேகத்தில் ஓடத் தொடங்கியது.

த்ரீடிஎஃப்எக்ஸ் இந்த இடத்தில் ஒரு பிழை செய்தது. அதுவரை அது சில்லை மட்டுமே செய்தது. அதனை வாங்கி அட்டையாக்கி விற்றவை வேறு கம்பெனிகள். அந்த இலாபமும் தனக்கே வேண்டும் என்று எண்ணி, 1998-இன் இறுதியில் அட்டை செய்யும் கம்பெனி ஒன்றை விலைக்கு வாங்க முடிவு செய்தது. இனிச் சில்லு கிடைக்காது என்று கண்ட மற்ற அட்டைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? என்விடியாவின் வாசலுக்குப் போனார்கள். புதிய சில்லுகளும் குறித்த காலத்தில் வரவில்லை. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் த்ரீடிஎஃப்எக்ஸின் உடைமைகளை வாங்கிக்கொள்ள என்விடியாவே முன்வந்தது. வூடூ அட்டைக்குப் புதிய டிரைவர் எழுதித் தருவோர் இல்லை. ரசிகர்கள் தாமே எழுதிக்கொண்டார்கள். கிளைடு மொழியை நம்பிய விளையாட்டுகளுக்கு மொழிபெயர்ப்பு நிரல்கள் தேவைப்பட்டன. தோற்றது கம்பெனி, நஷ்டத்தில் ஒரு பங்கு, பணம் கொடுத்து வாங்கியவனுக்கும் வந்து சேர்ந்தது.

போட்டியினால் விளையாடுவோருக்கு நன்மை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்ததே அதற்குச் சான்று. என்விடியா தன் ஜிடிஎக்ஸ் 280 அட்டைக்கு 649 டாலரும், அதற்கடுத்த 260-க்கு 399 டாலரும் விலை வைத்தது. கனடாவின் ஏடிஐ கம்பெனியை 2006-இல் வாங்கியிருந்த ஏஎம்டி, சில நாட்களிலேயே ரேடியான் எச்டி 4870 என்பதை 299 டாலருக்கு இறக்கியது. வேகத்தில் அது 260-க்கு இணையாக நின்றது. இவ்வளவு மலிவாக எப்படி முடிந்தது? சில்லுகளை வட்டமான சிலிக்கன் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கிறார்கள். என்விடியாவின் சில்லு 576 சதுர மில்லிமீட்டர், ஏஎம்டியினுடையது 256. ஒரே அளவுத் தகட்டிலிருந்து இரு மடங்குக்கு மேல் சில்லு கிடைக்கும், பழுதாவதும் குறைவு. (இரண்டையும் வார்த்துக் கொடுத்தது தைவானின் டிஎஸ்எம்சி என்ற ஒரே ஸ்தாபனம்! சண்டையிடும் இருவருக்கும் வாள் செய்யும் கொல்லன் ஒருவன்.) சில வாரங்களுக்குள் என்விடியா 280-ஐ 499 டாலருக்கும், 260-ஐ 299 டாலருக்கும் குறைத்தது. அட்டையில் ஓர் ஆணிகூட மாறவில்லை. எதிர்க்கடை திறந்தது, அவ்வளவுதான்.

ஆயினும் எதிர்க்கடையிலும் சரக்கு இல்லாவிட்டால் இந்தப் பயன் கிட்டாது. 2020-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் என்விடியா 699 டாலருக்கும், ஏஎம்டி 649 டாலருக்கும் புதிய அட்டைகளை அறிவித்தன. அறிவித்த விலைக்கு அவை கடையில் கிடைப்பது அரிதாயிற்று. தொற்றுநோயால் வீட்டில் அடைந்தோர் ஒருபுறம், எத்தீரியம் என்னும் மின்நாணயத்தைத் தோண்டியெடுக்க அட்டைகளை மொத்தமாக வாங்கியோர் மறுபுறம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்ட பிறகு அந்தத் தோண்டுதல் நின்றது.

அதே மாதம் என்விடியா, ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சில்லுகள் கொண்ட இரண்டு அட்டைகளை அறிவித்தது. வாங்குவோரின் கண்டனம் பலமாக எழுந்தது. 899 டாலர் விலையிட்டிருந்த சிறிய அட்டையைத் திரும்பப் பெற்று, 2023 ஜனவரியில் வேறு பெயரில் 799 டாலருக்கு விற்றார்கள். அன்று விலையைக் குறைத்தது வாடிக்கையாளரின் குரல் என்றே நான் நினைக்கிறேன்.

கிளைடு மொழியின் சாயலும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. சிறிய படத்தைக் கணக்கிட்டு, செயற்கை அறிவால் பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் என்ற முறையை 2018-இல் என்விடியா அறிமுகம் செய்தது. அது என்விடியா அட்டைகளில் மட்டுமே இயங்கும். ஏஎம்டி 2021-இல் தன் எஃப்எஸ்ஆர் முறையை எதிரியின் அட்டையிலும் இயங்குமாறு திறந்துவிட்டது. தாராள மனம் என்று பாராட்டத் தோன்றும். ஆனால் 2025-இல் வந்த நான்காம் பதிப்பைத் தன் புதிய அட்டைகளுக்கு மட்டும் என்றே அதுவும் வெளியிட்டது. பின்தங்கியவன் கதவைத் திறக்கிறான். சற்று நெருங்கியதும் சாத்திப் பார்க்கிறான்.

இன்னொரு செய்தி என் மனத்தை உறுத்துகிறது. 2025 ஜனவரியில் முடிந்த கணக்காண்டில் என்விடியாவின் வருமானம் ஏறத்தாழ 13,050 கோடி டாலர். அதில் விளையாட்டுத் துறையின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. பெரும்பகுதி செயற்கை அறிவுக் கூடங்களுக்கு விற்ற சில்லுகளால் வந்தது. கம்பெனியை வளர்த்த விளையாட்டுப் பிள்ளைகள் இப்போது கடையின் ஓரத்தில் நிற்கும் சிறு வாடிக்கையாளர்கள். அவர்களைத் தேடி மூன்றாமவர் ஒருவர் வந்திருக்கிறார்: இன்டெல். 2024 டிசம்பரில் 12 ஜிபி நினைவகமுள்ள பி580 அட்டையை அது 249 டாலர் என்று அறிவித்தது.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட என் மருமகன், "அப்படியானால் எதை வாங்குவது?" என்று மறுபடியும் முதலிலிருந்தே தொடங்கினான். "நீ ஆடும் விளையாட்டுகளின் பட்டியலை எழுது, அவை எந்த அட்டையில் எப்படி ஓடுகின்றன என்று பிறர் சோதித்துச் சொன்னதைப் படி, ஒருவர் புதிய சரக்கை அறிவிக்கும் சமயமானால், மற்றவர் விலை இறங்குகிறதா என்று சில வாரம் பார்" என்றேன். அவன் காத்திருக்கச் சம்மதித்தான். அதற்குள் பரீட்சையும் முடிந்துவிடும் என்பதில் என் தமக்கைக்குத்தான் மிகுந்த திருப்தி.