முதலில் ஊர், பிறகு ஆகாயகங்கை

பெங்களூரிலிருந்து தீபாவளிக்கு நாமக்கல் பக்கம் கிளம்பும்போதெல்லாம் எங்கள் காரில் ஒரு பேச்சு எழும். "போற வழியில அப்படியே கொல்லிமலை ஏறி, ஒரு குளியல் போட்டுட்டு வீட்டுக்குப் போயிரலாமே?" என்பார் கணவர். வேண்டாம் என்பேன் நான். ஊருக்குப் போய், எண்ணெய் தேய்த்துக் குளித்து, பலகாரம் தின்று தூங்கி எழுந்து, மறுநாள் காலையில்தான் மலை.

காரணம், காரவள்ளி. சேந்தமங்கலம் தாண்டி அந்த அடிவாரத்தில் தொடங்கும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர், சேலம் என்று இரவெல்லாம் பண்டிகை நெரிசலில் ஊர்ந்து வந்தவருக்கு அது ஆகாது. ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்க வேண்டும். இறங்கும்போது வண்டியை இரண்டாவது கியரிலேயே பிடித்துவர வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும்.

பிள்ளைகள் வளைவு எண்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வருவார்கள். முப்பதைத் தாண்டினால் சத்தம் அடங்கிவிடும். அம்மா உப்பு நாரத்தங்காய் டப்பாவைத் திறப்பார்.

மேலே சோளக்காடு, செம்மேடு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் படிகள் தொடங்குகின்றன, ஆயிரத்துக்கும் மேல். அவற்றின் முடிவில், அய்யாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிற இடம்தான் ஆகாயகங்கை. அருவிக்குக் கீழே போய் நிற்கும் முன்பே சாரல் ஆளை நனைத்துவிடும்.

இறங்குவது பெரிய காரியமில்லை. குளித்துவிட்டு, ஈரத்துணி மூட்டையோடு அத்தனை படியும் ஏறுவதுதான் பாடு. அதனால் மதியத்துக்குள் குளித்து முடித்துவிட வேண்டும். பையைத் திறந்து வைத்தால் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விடும். மூட்டுவலிக்காரர்களை வற்புறுத்திக் கூட்டிப் போகாதீர்கள். அம்மா படிப்பக்கமே வரமாட்டார். "நீங்க போயிட்டு வாங்க சாமி, நான் கோயில்லயே உக்காந்திருக்கறேன்" என்று புளிசோற்றுத் தூக்கோடு உட்கார்ந்துவிடுவார். மூச்சு வாங்க ஏறி வருகிறவர்களுக்காக முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கொதித்துக்கொண்டிருக்கும். மிளகு தூக்கலாகப் போட்டது. தொண்டையில் இறங்கும்போதே குளிர் விட்டுப்போகும்.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலம் என்பதால் தீபாவளிக்கு அருவியில் தண்ணீர் இருக்கும். மழை வலுத்தால் வெள்ளம் வரும், குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். கிளம்புமுன் ஊரில் யாரிடமாவது விசாரித்துக்கொள்வது நல்லது. ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும்போது மலை நிரம்பி வழியும். கோடையில் அருவி மெலிந்துவிடும்.

அம்மாவுக்கும் தண்ணீரில் கால் நனைக்க ஆசைதான். அதற்கும் வழி இருக்கிறது. இதே அய்யாறு மலையை விட்டிறங்கித் திருச்சி மாவட்டத்தில் புளியஞ்சோலை வழியாக ஓடுகிறது. அடிவாரம் என்பதால் 70 வளைவும் இல்லை, ஆயிரம் படியும் இல்லை. லீவில் இன்னொரு நாள் மிச்சமிருந்தால் அதை அங்கே செலவிடுங்கள். ஊருக்கு வருவதே பெரியவர்களோடு இருக்கத்தானே? அவர்களைக் கோயில் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு நாம் மட்டும் குளித்தால் கணக்கு நேராகாது.