பகடை உருளும்போது யார் கவனிக்கிறார்கள்?

கதை சொல்பவரை நோகடிக்கும் கேள்வி ஒன்று உண்டு: "சாரி, என்ன சொன்ன?" வானொலியில் இருக்கும் எங்களுக்கு அது காதில் விழாது. பிடிக்காத நேயர் காரில் வேறு அலைவரிசைக்கு மாறிவிடுவார்; நாங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்போம். இணையத்தில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் நடத்துபவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பாழடைந்த கோட்டையைப் பத்து நிமிடம் வருணித்து, கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ மூச்சுவிடும் சத்தம் கேட்கிறது என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி, "என்ன செய்யப் போறீங்க?" என்று அவர் கேட்பார். நான்கு விநாடி அமைதி. யாரோ விசைப்பலகையில் எதையோ தட்டும் ஓசை. அப்புறம் அந்தக் கேள்வி வரும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளியிட்டது இது. ஒருவர் கதையின் உலகத்தையும் அதிலுள்ள அரக்கர், அரசர், கடைக்காரர் எல்லாரையும் தானே பேசி நடத்துவார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர், சுருக்கமாக டிஎம். மற்ற ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாக இருந்து, தான் செய்ய நினைப்பதைச் சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பதை 20 முகப் பகடை தீர்மானிக்கும். யார் ஜெயித்தார் என்ற பேச்சே கிடையாது. ஒரே கதை மாதக்கணக்கில், சில குழுக்களில் ஆண்டுக்கணக்கில் ஓடும். ஒரு மேசை, கொஞ்சம் தாள், பென்சில், நாலைந்து நண்பர்கள் இருந்தால் போதும் என்பது பழைய கணக்கு.

நண்பர்கள் ஒரே ஊரில் இருக்கும்வரை அந்தக் கணக்கு சரிதான். 2020 மார்ச் 18-இல் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஏப்ரல் 7-இல் சிங்கப்பூரிலும் கிருமிப் பரவல் முறியடிப்பு நடவடிக்கை தொடங்கியது. ஆட்டக் குழுக்கள் மேசையை விட்டுத் திரைக்கு வந்தன. கட்டுப்பாடுகள் போன பிறகும் பல குழுக்கள் மேசைக்குத் திரும்பவில்லை. எங்கள் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். டிஎம் ஈப்போவில் கணக்காய்வாளர். ஒருவர் ஜொகூர் பாருவில் குடியிருந்து, நாள்தோறும் கடற்பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ஒரு தோழி மெல்பர்னில், இன்னொருவர் கிள்ளானில், நான் கோலாலம்பூரில். கல்லூரியில் ஒரே வகுப்பு. ஐந்து பேரும் கடைசியாக ஒரே மாமாக் கடையில் உட்கார்ந்தது ஒரு நண்பரின் திருமணத்துக்கு மறுநாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரவு, மூன்று மணி நேரம். அது மட்டும் இல்லையென்றால் எங்களுக்குள் பிறந்தநாள் வாழ்த்தும் தீபாவளி ஸ்டிக்கரும்தான் மிஞ்சியிருக்கும்.

அதனால்தான் அந்தக் கேள்வியை வெறும் எரிச்சல் என்று தள்ளிவிட முடியவில்லை. எனக்குத் தெரிந்து கலைந்துபோன குழுக்களில் பெரிய சண்டை எதுவும் நடந்ததில்லை. இரண்டு வாரம் ஒருவர் அரைக் காதோடு இருப்பார். மூன்றாவது முறை டிஎம்மே "இந்த வாரம் வேணாம்" என்பார். அதோடு சரி.

இணையத்தில் ஆடுவதற்கென்றே மெய்நிகர் மேசைகள் இருக்கின்றன. பலருக்குத் தெரிந்தது ரோல்20. கல்லூரிக் காலத்தில் ஒரே அறையில் தங்கிய மூவர், ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்த பிறகும் சேர்ந்து ஆடுவதற்காகச் செய்தது அது. 2012-இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி வெளியே கொண்டுவந்தார்கள். நாங்கள் பயன்படுத்துவது 2020-இல் முழுமையாக வெளியான ஃபவுண்டரி. டிஎம் மட்டும் ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும், மற்றவர்கள் உலாவி வழியாகவே உள்ளே வந்துவிடலாம். குரலுக்கு டிஸ்கார்ட்.

இந்த மேசைகள் டிஎம் கையில் ஒரு பெரிய சாவிக்கொத்தையே கொடுக்கின்றன. ரோல்20-இல் டிஎம் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஓர் அடுக்கு உண்டு. அங்கே ஒளித்துவைத்த பூதத்தை வேளை வரும்போது எல்லார் திரைக்கும் இழுத்துவிடலாம். வரைபடத்தில் சுவருக்கு அப்பால் எதுவும் தெரியாது. இருட்டில் உங்கள் பாத்திரத்தின் கைவிளக்கு எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவுதான் உங்கள் திரையிலும் வெளிச்சம். ஃபவுண்டரியில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு குறிப்புக்கும் நான்கு படிகளில் அனுமதி தரலாம். முதல் படியில் அது இருப்பதே உங்களுக்குத் தெரியாது. அடுத்தது மேலோட்டமாகப் பார்ப்பது. மூன்றாவது முழுவதும் பார்க்கலாம், தொட முடியாது. நான்காவது உரிமையாளர், அதாவது எடுத்து ஆளலாம்.

இவ்வளவு பூட்டு எதற்கு என்று கேட்பவர்கள் ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும். மேசையில் ஒருவர் பேசும்போது மற்றவர் பொம்மையைத் தொட்டால் எல்லாரும் பார்ப்பார்கள். திரையில் அப்படி இல்லை. எங்கள் கிள்ளான் நண்பருக்கு விரல் சும்மா இருக்காது. நான் கதவருகே நின்று காவலாளியோடு பேரம் பேசிக்கொண்டிருப்பேன். அவர் அம்புக்குறி விசையை அழுத்தி, தன் பாத்திரத்தை நடைகூடம் வழியாக ஓடவிட்டு, மூன்று அறைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார். அங்கே என்ன இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். டிஎம் ஒரு வாரம் உட்கார்ந்து அமைத்த திகில் அரை நிமிடத்தில் காலி. ஃபவுண்டரியில் டிஎம் இடைவெளி விசையைத் தட்டினால் ஆட்டம் எல்லாருக்கும் நின்றுவிடும், யாராலும் நகர முடியாது. எங்கள் டிஎம் அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஆட்டத்தை நிறுத்தியே வைத்திருந்தார். நகர வேண்டுமா? கேளுங்கள், நான் நகர்த்துகிறேன். வரைபடத்தில் குறி போட வேண்டுமா? கேளுங்கள். புதையல் பட்டியல் பார்க்க வேண்டுமா? அதற்கும் கேளுங்கள்.

அரசாங்க அலுவலக முகப்பில் எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. ஒழுங்கு வந்தது, உண்மைதான். ஆனால் அந்த இரண்டு மாதங்களில்தான் "சாரி, என்ன சொன்ன?" அதிகமாகக் கேட்டது. மெல்பர்ன் தோழி துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் மறுநாள் நிகழ்ச்சிக்கான பாடல் பட்டியலைத் திறந்து வைத்திருந்தேன்.

கவனச்சிதறல் என்றாலே நாம் கைப்பேசியைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சண்டைக் காட்சி வந்தால் ஒவ்வொருவரும் முறை வைத்துத்தான் ஆட வேண்டும். நான்கு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம், அரக்கர்களுக்காக டிஎம் எடுப்பது நான்கு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் முறை முடிந்தால் அடுத்தது வர 13 நிமிடம் ஆகும். அதுவரை உங்கள் கையில் ஒன்றுமே இல்லை. 13 நிமிடத்தில் ஷாப்பியில் ஒரு கூடையை நிரப்பி, வேண்டாம் என்று முடிவும் எடுத்துவிடலாம். மேசையில் இதே காத்திருப்பு இருந்தது. ஆனால் பக்கத்தில் இருப்பவரின் காதில் ஒரு நக்கல் அடிக்கலாம், முறுக்குத் தட்டை நகர்த்தலாம், எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்கலாம். டிஸ்கார்டில் ஒரே ஒரு குரல் வழிதான். நீங்கள் கிசுகிசுத்தாலும் டிஎம் பேச்சின் மேல்தான் விழும். ஆகவே நல்லவர்கள் எல்லாரும் ஒலிவாங்கியை அணைத்துவிடுகிறார்கள். அணைத்தவர் மெல்ல வேறு பக்கத்துக்குப் போய்விடுகிறார்.

பூட்டைத் தளர்த்தச் சொன்னது ஜொகூர் நண்பர். வரைபடத்தில் வரையும் அனுமதி எல்லாருக்கும் வந்தது. சண்டையில் முறை வரிசையை அறிவிப்பது அவர் வேலை. கதைக் குறிப்பேட்டுக்கு மெல்பர்ன் தோழி உரிமையாளர். போன முறை எந்த ஊரில் யாரைச் சந்தித்தோம் என்பது அவர் எழுதியதுதான். புதையல் கணக்கு என்னிடம். (கணக்காய்வாளர் ஒருவர் இருக்கும் குழுவில் காசுக் கணக்கை ஏன் என்னிடம் கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.) விரல் சும்மா இராத கிள்ளான்காரருக்குத்தான் பெரிய பொறுப்பு: சண்டையில் டிஎம் சொல்லும் சில்லறை எதிரிகளை, எலி, எலும்புக்கூடு போன்றவற்றை, அவரே நகர்த்துவார். நண்பர்களை அடிப்பதில் அவருக்கு இருக்கும் மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. இடைவெளி விசை இப்போதும் டிஎம்மிடம்தான் இருக்கிறது. ஓர் அறைக்குள் நுழையும் தருணத்தில் மட்டும் தட்டுவார். வருணித்து முடித்ததும் விட்டுவிடுவார்.

கையில் ஏதாவது ஒரு சாவி இருப்பவர் அடுத்த அறைக்குப் போவதில்லை. தொழில் நுணுக்கம் என்று பார்த்தால் இது ஒன்றுமே இல்லை, சில பெட்டிகளில் குறி போடும் வேலைதான். ஆனால் பெரும்பாலான டிஎம்கள் மறைப்பதற்கு மட்டும்தான் அந்தப் பெட்டிகளைத் திறக்கிறார்கள்.

என் தொழிலிலிருந்து நான் கொண்டுபோய்ச் சேர்த்தது இரண்டு பழக்கங்கள். நேரலையில் நேயரிடம் கேள்வி கேட்கும்போது பெயரை முதலில் சொல்வோம். பெயர் காதில் விழுந்ததும் ஆள் நிமிர்ந்துவிடுவார், கேள்வி முழுதாகப் போய்ச் சேரும். "கதவு திறக்குது, உள்ளே வெளிச்சம், என்ன செய்யிறீங்க?" என்று பொதுவாகக் கேட்டால் அமைதிதான் பதிலாக வரும். இன்னொன்று, அடுத்து வருவதை முன்கூட்டிச் சொல்வது. "இப்ப ஜொகூர், அடுத்து மெல்பர்ன்" என்ற ஒரு வரியால் அடுத்தவர் தன் மந்திரத்தைத் தேடி வைத்துக்கொள்கிறார். மூன்று நிமிட முறை ஒன்றரை நிமிடமாகச் சுருங்குகிறது. நடுவில் பத்து நிமிட இடைவேளையும் உண்டு. வாட்ஸ்அப் எல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கேமராவைத் திறந்தே வைக்க வேண்டும் என்று சில குழுக்களில் சட்டம். நான் அதற்கு எதிர்க்கட்சி. பகல் முழுதும் அலுவலகக் கூட்டங்களில் முகத்தைக் காட்டிவிட்டு வந்தவரை மறுபடி சட்டத்துக்குள் உட்காரவைத்தால், அவர் பார்ப்பது தன் முகத்தைத்தான். விசையை அழுத்தினால் மட்டும் குரல் போகும் அமைப்பும் எனக்குப் பிடிக்காது. அதில் முதலில் சாவது சிரிப்பு. யாரும் விசையை அழுத்திவிட்டுச் சிரிப்பதில்லை. மின்விசிறி ஓசையை டிஸ்கார்டின் இரைச்சல் நீக்கியே பார்த்துக்கொள்ளும். ஒலிவாங்கியைத் திறந்து வைத்துவிடுவதே மேல். நகைச்சுவைத் துணுக்குக்கும் மீம்ஸுக்கும் தனியாக ஓர் எழுத்து அறை இருக்கிறது. சில இரவுகளில் அங்கே ஓடும் கதை மேசைக் கதையைவிட நன்றாக இருக்கும்.

எல்லாச் சிதறலும் சலிப்பால் வருவதில்லை. கிள்ளான் நண்பருக்கு போன ஆண்டு மகள் பிறந்தாள். பத்து மணிக்கு அழுகை கேட்கும், அவர் "ஒரு நிமிஷம்" என்று எழுதிவிட்டுப் போவார், நாற்பது நிமிடம் கழித்து வருவார். சண்டை நடுவில் அவர் பாத்திரம் கல்லாக நிற்கும். அவரே வெட்கப்பட்டு, தன்னை விட்டுவிட்டு ஆடும்படி சொல்லிவிட்டார். எளிய வழி அதுதான். நாங்கள் வேறு பெட்டியில் குறி போட்டோம். ஃபவுண்டரியில் ஒரு பாத்திரத்துக்கு இரண்டு உரிமையாளர்கள் இருக்கலாம். அவர் போனால் நான் அவருடைய குள்ளப் போர்வீரனை எடுத்துக்கொள்வேன். வந்ததும் திருப்பிக் கொடுப்பேன். நான் இல்லாத நேரத்தில் என்ன ஆயிற்று என்று அவர் கேட்டால் மெல்பர்ன் தோழியின் குறிப்பேட்டில் இருக்கும். ஒருமுறை தூளியை ஆட்டிக்கொண்டே, ஒரு காதில் மட்டும் கருவி மாட்டி, மகள் எழுந்துவிடாதபடி கிசுகிசுத்தே ஒரு மணி நேரம் ஆடினார். கோட்டைக்குள் ஒளிந்து போகும் காட்சி அது. அன்றைக்கு நாங்கள் எல்லாருமே கிசுகிசுத்துத்தான் பேசினோம்.

வளர்ந்தவர்கள் ஆடும்போது சாவி கவனத்துக்கு. பிள்ளைகள் ஆடினால் அதே சாவி வாசல் கதவுக்கு. உங்கள் வீட்டுப் பிள்ளை இணையத்தில் இந்த ஆட்டம் ஆடுகிறாள் என்றால், பகடையையும் அரக்கனையும் விட்டுவிட்டு, குரல் அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். டிஸ்கார்டில் சேரவே குறைந்தது 13 வயது ஆக வேண்டும். அழைப்பு இணைப்பை இத்தனை பேர், இத்தனை நாள் என்று வரம்பு போட்டு அனுப்பலாம்; பொதுவில் போட்ட இணைப்பு பூட்டாத கேட்தான். தெரிந்த வகுப்புத் தோழர்கள், தெரிந்த டிஎம், எந்த மாதிரிக் காட்சிகள் வேண்டாம் என்று முதல் நாளே பேசிக்கொண்ட குழு என்றால் பயப்பட அதிகமில்லை. நல்ல டிஎம்கள் கதை தொடங்குமுன் அந்தப் பேச்சுக்கென்றே ஓர் அமர்வை ஒதுக்குவார்கள். கூச்சமில்லாமல் நீங்களும் அதில் ஒரு ஓரமாக உட்காரலாம்.

எங்களுக்கு அடுத்த சிக்கல் நேரம். அக்டோபரில் மெல்பர்ன் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும். நாங்கள் எட்டரைக்குத் தொடங்கினால் அங்கே பதினொன்றரை. வாக்கெடுப்பில் ஏழு மணி என்று முடிவாகியிருக்கிறது. ஜொகூர் நண்பர் அந்த நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டே ஆடலாம் என்று டிஎம் அனுமதி கொடுத்துவிட்டார். முறுக்கு மட்டும் கூடாது.