நடை பார்த்து வாங்கிய குதிரை

புறக்கோட்டையில் துணி விற்பவனுக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2019ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். காட்டு வழிகளில் சவாரி போக மருமகன் குதிரை தேடிக்கொண்டிருந்தார். "மாமா, விலை பேச நீங்களும் வாங்க" என்றார்.

அவருக்கு இடுப்பு வலி. சாதாரணக் குதிரை நடையை விட்டுத் துள்ளோட்டம் பிடித்தால், குறுக்கும் மறுக்குமாக இரண்டிரண்டு கால்கள் ஒன்றாக விழும். மேலே இருப்பவரைத் தூக்கிப் போடும். டென்னஸி வோக்கர் இனம் அப்படியல்ல. வேகமாகப் போகும்போதும் நான்கு கால்களும் ஒவ்வொன்றாகவே நிலத்தில் படும். பின்குளம்பு முன்குளம்பின் தடத்தைத் தாண்டி விழும், தலை தாளத்துக்கு ஆடும், சவாரிக்காரர் ஆடமாட்டார். 19ஆம் நூற்றாண்டில் பெருந்தோட்டங்களை நாள் முழுக்கச் சுற்றிப் பார்த்தவர்களுக்காக வளர்ந்த இனம் அது. பக்கத்து மாநிலமான மிசூரியின் பொக்ஸ் ட்ரொட்டரும் இப்படி அலுங்காமல் போகக்கூடியதே.

முதல் பண்ணையில் நாங்கள் போய் இறங்கும்போதே குதிரை சேணம் பூட்டி, வியர்த்து நின்றது. உரிமையாளர் சமதரையில் ஓட்டிக் காட்டினார். காலை உயரத் தூக்கி வைத்த அழகில் மருமகன் மயங்கிவிட்டார். விலை 6,000 டொலர். எனக்கோ, விரித்துக் காட்டாமல் மடித்தே விற்கும் துணியின் ஞாபகம் வந்தது. சரிவான கல் வழியில் ஓட்டச் சொன்னோம். நேரமில்லை என்றார். கூட வந்த அனுபவசாலி ஒருவர் குளம்புக்கு மேலே விரலால் அழுத்தினார். குதிரை காலை வெடுக்கென்று இழுத்தது.

காட்சிப் போட்டிக்காகக் காலில் எரியும் மருந்து பூசி உயரத் தூக்க வைப்பவர்கள் உண்டாம். 1970ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுத்தது. ஆனாலும் வாங்குபவர் தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும். அங்கே வலிக்குக் காரணம் எதுவோ, வலி இருந்தது. திரும்பிவிட்டோம்.

இரண்டாவது இடத்தில் 12 வயதுப் பெட்டைக் குதிரை. நிறம் மங்கல். வெளியில் மேய்ந்தது கூப்பிட்டதும் வந்தது, ஏறும்வரை அசையாமல் நின்றது, கடிவாளம் தளர்ந்திருக்கச் சரிவில் இறங்கி ஓடையையும் கடந்தது. தார் வீதியில் ஓட்டச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டேன். நான்கு தட்டல் சீராகக் கேட்க வேண்டும். இரண்டாகக் கேட்டால் ஒரு பக்கத்துக் கால்கள் சேர்ந்து விழுகின்றன என்று பொருள். அது உடம்பைப் பக்கவாட்டில் உலுப்பும். எங்கள் செலவில் மிருக வைத்தியர் பார்த்த பிறகே வாங்கினோம்.

நானும் ஏறினேன். பயத்தில் முன்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுத்துப் பிடித்தேன், நடை குலைந்தது. நிமிர்ந்து உட்காருங்கள், தலையாட்ட இடம் கொடுங்கள், முதலில் சும்மா நடக்க விடுங்கள் என்றார்கள். சொன்னபடி செய்ததும் படகில் போவது போல இருந்தது. பக்கத்தில் வந்த சாதாரணக் குதிரைதான் ஈடுகொடுக்கத் துள்ளி ஓடியது, பாவம்.

விலை பேசியதையும் சொல்ல வேண்டுமே. 500 டொலர் குறைக்கக் கேட்டேன். அந்த அம்மா குறைக்காமல் பழைய சேணமொன்றைச் சேர்த்துத் தந்தார். அது குதிரையின் தோளை இறுக்கி நடையைக் கெடுத்தது. மருமகன் வேறு சேணம் வாங்கினார். விலை 500 டொலர்.