கொன்ரா நடனமும் அழைப்பாளர் கடமையும்

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியில் வழங்கிவரும் கூட்டுநடனம் கொன்ரா எனப்படும். 1651ஆம் ஆண்டில் ஜோன் பிளேபோட் நூலாக வெளியிட்ட ஆங்கில நாட்டுப்புற நடனங்கள் இதன் முன்னோடிகளாம். 20ஆம் நூற்றாண்டில் நியூ ஹாம்ஷயரைச் சேர்ந்த றால்ஃப் பேஜ் போன்றோர் இதனைப் பேணி வளர்த்தனர்.

ஆடுவோர் இணை இணையாக நீண்ட வரிசைகளில் நிற்பர். அவ்வரிசையில் இவ்விரண்டு இணைகள் சேர்ந்து நால்வராய் ஆடும். ஒரு சுற்று முடிந்ததும் ஒவ்வோர் இணையும் ஓரிடம் நகர்ந்து, புதிய இணையொன்றைச் சந்தித்து, அதே ஆட்டத்தை மீண்டும் ஆடும். இங்ஙனம் வல்லாரும் புதியாரும் ஒருவரோடொருவர் கைகோப்பர். ஒருவர் தடுமாறின் மற்றை மூவரும் தடுமாறுவர். ஆதலின் ஆட்டத்தை அறிவிக்கும் அழைப்பாளரின் பொறுப்புப் பெரிது.

ஒரு சுற்றுக்குரிய இசை பெரும்பாலும் 64 தட்டுகள் கொண்டது. அசைவுகள் பல எட்டுத் தட்டுகளில் முடிவன. நம் நட்டுவனார் ஜதியை ஆடலோடு ஒருங்கே சொல்லுவார். கொன்ரா அழைப்பாளரோ, முந்திய அசைவின் இறுதித் தட்டுகளிலேயே அடுத்ததைச் சொல்லி முடித்தல் வேண்டும். சொல் பிந்தினால் கால் பிந்தும்.

எனினும், காலமறிந்து சொல்லுதல் மட்டும் போதாது; அசைவுகளின் ஒழுங்கும் இயல்பாக அமைதல் வேண்டும். ஒருவருடன் வலக்கை பற்றிச் சுழன்றவர், அடுத்தவருக்கு இடக்கை நீட்டுவது எளிது. அதே வலக்கையை உடனே வேறொருவருக்கு நீட்டச் சொன்னால் ஓட்டம் அறும். இணையொன்று சுழன்று முடிகையில் வலப்புறம் நிற்பவரின் வலக்கை ஓய்ந்திருக்கும். எனவே, அவ்வாறு நிற்கும் இருவரும் வலக்கை பற்றி நடுவே கடந்துசெல்லும் அசைவு தானாகவே தொடரும். பழைய வழக்கில் அவ்விடம் மகளிர்க்கே உரியது. இன்றோ பல அரங்குகளில் எவரும் எப்பக்கமும் நின்று ஆடுவர். தூரம் மிகுந்த அசைவுக்குத் தட்டுகள் குறைந்தால் ஓட நேரும். மிகுந்தால் வீணே நிற்க நேரும்.

சில சுற்றுகள் கழிந்ததும் அழைப்பாளர் சொற்களைக் குறைத்து, ஈற்றில் மௌனமாவர். ஒழுங்கு செம்மையாயின், ஓர் அசைவின் முடிவே அடுத்ததன் தொடக்கத்தைக் கைக்கும் காலுக்கும் உணர்த்தும். செம்மையற்றதாயின், குரல் ஓய்ந்த கணமே வரிசை குலையும். தம் சொல் வேண்டாத நிலைக்கு ஆடுவோரைக் கொண்டுசேர்ப்பதே அழைப்பாளரின் வெற்றி. ஆசிரியத் தொழிலுக்கும் இது பொருந்துமன்றோ?