500 ஆண்டு பழைய ஒற்றைத் தாள்: மெக்சிகோவில் திருடுபோய் அமெரிக்காவில் சிக்கியது எப்படி?

ஸ்பெயின் படைத்தலைவர் எர்னான் கோர்தேஸ் கையெழுத்திட்ட 1527-ம் ஆண்டு ஆவணம் ஒன்றை, அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஆகஸ்டில் மெக்சிகோவிடம் திருப்பிக் கொடுத்தது. மொத்தமே ஒரு தாள்தான். அதில் போர்க்கதை இல்லை, புதையல் ரகசியமும் இல்லை. இருப்பது செலவுக் கணக்கு! ஒரு செலவுக் கணக்குக்காக இரண்டு நாடுகள் ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? பார்க்கலாம்.

யார் இந்த கோர்தேஸ்?

1519-ல் சில நூறு வீரர்களோடு மெக்சிகோ கரையில் இறங்கியவர். அஸ்டெக் பேரரசோடு பகையில் இருந்த உள்ளூர் மக்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, 1521 ஆகஸ்ட் 13-ல் தலைநகர் டெனோச்டிட்லானைக் கைப்பற்றினார். அந்த நகரத்தின் மேல்தான் இன்றைய மெக்சிகோ சிட்டி நிற்கிறது. 'புதிய ஸ்பெயின்' என்று பெயர் வைக்கப்பட்ட அந்த நிலம், அடுத்த 300 ஆண்டுகள் ஸ்பெயினின் பிடியில் இருந்தது.

அந்தத் தாளில் என்ன இருக்கு?

தேதி 1527 பிப்ரவரி 20. 'மசாலா நாடுகளை' கண்டுபிடிக்கும் பயணத்துக்கான ஏற்பாட்டுச் செலவுக்குத் தங்க பேசோக்கள் கொடுக்கப்பட்டதை அது பதிவு செய்கிறது.

மசாலா நாடுகள் என்றால் கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்த மலுக்கு தீவுகள். இன்றைய இந்தோனேசியாவில் இருப்பவை. ஐரோப்பாவில் இந்தச் சரக்குகளுக்கு அப்போது ஏக கிராக்கி. போர்ச்சுகல் ஏற்கெனவே அங்கே போய்விட்டது. மெக்சிகோவில் இருந்து பசிபிக் கடலைத் தாண்டிப் போய்விடலாம் என்பது ஸ்பெயினின் கணக்கு.

அதே 1527-ல் அக்டோபர் 31 அன்று அல்வாரோ டி சாவேட்ரா தலைமையில் 3 கப்பல்களை கோர்தேஸ் அனுப்பினார். 2 கப்பல்கள் வழியிலேயே காணாமல் போயின. ஒன்று மட்டும் மலுக்கு போய்ச் சேர்ந்தது. ஆனால் எதிர்க்காற்றைத் தாண்டி அதனால் திரும்பி வர முடியவில்லை. முயற்சியின் நடுவே சாவேட்ராவும் இறந்துபோனார். ஆசியாவில் இருந்து மெக்சிகோவுக்குத் திரும்பும் கடல்வழி உறுதியானது 1565-ல்தான்.

வெறும் செலவுக் கணக்கு எதுக்கு முக்கியம்?

கோர்தேஸ் ஸ்பெயின் மன்னருக்கு நீண்ட கடிதங்கள் எழுதியிருக்கிறார். அவை பிரபலமானவை. ஆனால் மன்னருக்கு எழுதும் கடிதத்தில் யாரும் தன்னைப் பற்றிக் குறைவாகவா எழுதுவார்கள்? செலவுச் சீட்டு அப்படி இல்லை. யாருக்குப் பணம் போனது, எதற்காகப் போனது, எந்தத் தேதியில் போனது என்பதை மட்டும் சொல்லும். ஒரு பயணம் எப்போது திட்டமிடப்பட்டது, பணத்தை யார் கொடுத்தார்கள், பொருளை யார் சப்ளை செய்தார்கள் என்பதெல்லாம் இந்த மாதிரி சின்னச் சீட்டுகளில் இருந்துதான் தெரிய வரும்.

ஸ்பெயின் தன் பேரரசைக் காகிதத்தை வைத்தும் ஆண்டது. அமெரிக்க நிலங்களை நிர்வகிக்க 1524-லேயே 'இந்தியாஸ் கவுன்சில்' என்ற தனி சபை அமைத்தது. 1577-ல் 50 கேள்விகள் கொண்ட படிவத்தை அச்சடித்து அங்குள்ள அதிகாரிகளுக்கு அனுப்பியது. ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம், என்ன விளையுது, ஆறு எங்கே ஓடுது, மக்கள் தொகை கூடியதா குறைந்ததா என எல்லாம் கேட்டது. பதிலோடு வரைபடமும் வந்தது. பல வரைபடங்களை வரைந்தவர்கள் உள்ளூர் பூர்வகுடி ஓவியர்களே.

இப்படிச் சேர்ந்த காகிதங்களுக்காகவே 1785-ல் ஸ்பெயினின் செவில் நகரில் தனி ஆவணக் காப்பகம் தொடங்கினார்கள். அங்கே மட்டும் சுமார் 8 கோடி பக்கங்கள் உள்ளன. மெக்சிகோவிலேயே தங்கிவிட்டவை அந்நாட்டின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அது இயங்குவது ஒரு பழைய சிறைச்சாலைக் கட்டடத்தில் என்பது கூடுதல் தகவல்.

எப்படித் திருடுபோனது?

1993-ல் கோர்தேஸ் கையெழுத்திட்ட ஆவணங்களை அந்தக் காப்பகம் மைக்ரோஃபிலிம் எடுத்தது. அப்போதுதான் 15 தாள்களைக் காணோம் என்பது தெரிந்தது.

இங்கே உதவியது ஒரு சின்ன விஷயம். 1985-86-ல் காப்பக ஊழியர்கள் தாள்களில் மெழுகால் எண் போட்டிருந்தார்கள். மீட்கப்பட்ட தாளில் அந்த எண் இருந்தது. அதாவது எண் போட்டபோது தாள் இருந்திருக்கிறது. மைக்ரோஃபிலிம் எடுத்தபோது இல்லை. ஆக, 1985-க்கும் 1993 அக்டோபருக்கும் இடையில்தான் யாரோ எடுத்திருக்க வேண்டும்.

2024-ல் மெக்சிகோ உதவி கேட்டதும் எஃப்.பி.ஐ.யின் கலைப்பொருள் குற்றப் பிரிவு தேடத் தொடங்கியது. அமெரிக்காவில் தாள் சிக்கியது. ஆனால் பல கைகள் மாறிவிட்டதால் யார் மீதும் வழக்கு இல்லை.

இதுதான் முதல் முறையா?

இல்லை. கோர்தேஸ் கையெழுத்திட்ட இன்னொரு ஆவணத்தையும் 2023-ல் எஃப்.பி.ஐ. திருப்பிக் கொடுத்தது. அதன் தேதி 1527 ஏப்ரல் 27. மருந்தகத்துக்கு ரோஜா சர்க்கரை வாங்க 12 தங்க பேசோ கொடுக்கச் சொல்லும் உத்தரவு. அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தபோது அது தடுத்து நிறுத்தப்பட்டது.

திருட்டால் என்ன நஷ்டம்?

தாள் பத்திரமாத்தானே இருந்தது, யார் வீட்டில் இருந்தால் என்ன என்று தோன்றலாம். வாங்கியவருக்கு அது பிரபலம் ஒருவரின் கையெழுத்து, அவ்வளவுதான். கட்டில் இருந்தால்தான் முன் பக்கமும் பின் பக்கமும் சேர்ந்து கணக்கு முழுமையாகும். நடுவில் ஒரு தாளை உருவினால், உருவிய தாளும் அரைகுறை. மிச்சமிருக்கும் கட்டும் அரைகுறை. அந்த இடைவெளியை வேறு எந்தப் புத்தகமும் நிரப்பாது.

தொகுப்பிலிருந்து காணாமல் போன மற்ற தாள்களையும் தேடிக் கொண்டுவருவோம் என எஃப்.பி.ஐ. கூறியிருக்கிறது. பழைய கையெழுத்துப் பிரதி ஒன்று ஏலத்துக்கு வந்தால், விலையை விட முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எந்தக் கட்டில் இருந்து உருவப்பட்டது?